விண்மீன் நோக்கும் ‘இன்று’ என்னும் பொழுதும்

சங்கச் செய்யுட்களில் நாண்மீனும் கோண்மீனும் பயின்று வரும் இடங்கள் பல. அவ்விடங்களைத் தொகுத்துத் தந்த அறிஞரும் பலர். பழந்தமிழர் வான நூலறிவு உடையராய் வாழ்ந்தனர் என்று நிறுவுதற்கு அவற்றைச் சான்றாகக் காட்டினோர் ஒரு சாரார். பாடல்களின் காலத்தைக் கணித்தற்கு அவற்றைக் கருவியாகக் கொண்டோர் மற்றொரு சாரார். இவ்விரு முயற்சியும் வேண்டுவனவே. ஆயினும், இவற்றிடையே ஒரு வினா பெரிதும் கேட்கப்படாமல் நின்றுவிட்டது. பாட்டினுள் வரும் ஒருவர் தலைநிமிர்ந்து வானை நோக்கும் அந்நேரத்தில் அவர் உள்ளத்து நிகழ்வது யாது? அந்நோக்கம் அவர்க்கு எதனைப் பொருளாகத் தருகின்றது? இவ்வினாவையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். நாம் கூற விரும்புவதை முதற்கண்ணே கூறிவிடுதல் நன்று. சங்கப் புலவர்க்கு விண்மீன் நோக்குதல் என்பது நாளைய நிகழ்ச்சியை அறியும் வழியாகவோ, பண்டை நிகழ்ச்சிக்கு ஆண்டு குறிக்கும் வழியாகவோ அமையவில்லை. ‘இன்று’ என்னும் பொழுதைத் தம் வாழ்வில் ஊன்றி நிறுத்தும் செயலாகவே அமைந்துள்ளது.

பரிபாடலின் 11ஆம் பாடலை முதலில் எடுத்துக்கொள்வோம். நல்லந்துவனார் பாடிய இவ் வையைப் பாட்டின் தொடக்கத்தில் கோள்கள் நின்ற நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூறப்படுகின்றன. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை அவர்கள் அந்நிலைகளைக் கணித்து, அவை கி.பி. 634ஆம் ஆண்டிற்குப் பொருந்துவன என்றார். அவ்வாறே சிலப்பதிகாரத்திற்கு 756ஆம் ஆண்டினைக் கண்டார். அம்முடிபுகளைப் பலர் உடன்படவில்லை. வழக்கு நெடிது நிகழ்ந்தது. அவ்வழக்கின் முடிவு எதுவாயினும் ஆகுக. நமக்கு வியப்பைத் தருவது வேறொன்று. வழக்காடிய இருதிறத்தாரும் பெரும்பாலும் பாட்டின் முற்பகுதியோடு நின்றுவிட்டனர். கோள்நிலைகளை அத்துணை விரிவாக வகுத்துரைத்த புலவர் எங்கே சென்று சேர்கின்றார் என்று நோக்கினாரில்லை. மலையில் மழை பெய்தது, வையையில் புனல் பெருகியது என்னும் செய்தியிலே அவர் சென்று சேர்கின்றார். அதன்பின் நீராட்டு வருகின்றது. ஆதிரை விழவு வருகின்றது. பனிக்காலத்துக் குளிர்நீரில் ஆடும் இளமகளிர் வருகின்றனர். பாட்டின் பெரும்பகுதி அவர்க்கே உரியது. வானத்துக் கோள்களையெல்லாம் வரிசையாக நிறுத்தியது, ஆற்றில் நீர் வந்த அந்த ஒரு நாளைச் சுட்டுதற்கே என்பது பாட்டை முழுதும் படிப்பார்க்குத் தானே விளங்கும். ஆண்டு குறித்த வாதத்தில் நாம் நீரைத் துறந்து கரையை அளந்துகொண்டிருந்தோம் என்று கூறுதல் மிகையாகாது.

சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறப்பாட்டு (புறம். 30) ஈண்டு நினைவிற்கு வருகின்றது. ஞாயிறு செல்லும் வழியையும் அதன் விரைவையும் காற்றின் திசையையும் வானின் நிலையையும் நேரிற் சென்று அளந்து வந்தவர் போல உரைப்பார் உளர் என்கின்றார் அப்புலவர். அவர் அக்கணிப்பாளரை இகழவில்லை. ஆனால் அவர் கணிப்பிற்கு எட்டாத ஒன்றைக் கூறுதற்கே அவரை முன்னே நிறுத்துகின்றார். சங்கப் புலவர் கணிதத்தை அறிந்திருந்தனர். அதன் எல்லையையும் அறிந்திருந்தனர்.

பொழுது பற்றிய பொருளிலக்கணத்தை இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் துணிபு. பொழுதாவது பெரும்பொழுதும் சிறுபொழுதும். கார்காலம் ஆண்டுதோறும் வரும்; மாலை நாள்தோறும் வரும். ஆதலின் அகப்பாட்டின் பொழுது மீண்டும் மீண்டும் வரும் இயல்பினது. தலைவனுக்கும் தலைவிக்கும் பெயரில்லாதவாறு போலவே அவர்தம் பொழுதிற்கும் தனிப்பெயரில்லை. ஏதோ ஒரு கார். ஏதோ ஒரு மாலை. இப்பொதுமையே அகத்திணையின் வலிமை என்பதை அனைவரும் அறிவர். ஆனால் வாழ்வில் சில நாட்கள் பொதுமைக்குள் அடங்குவன அல்ல. திருமண நாள் அத்தகையது. இறப்பு நாள் அத்தகையது. நாடிழந்த பின் வரும் முதல் நிலவுநாள் அத்தகையது. கார், கூதிர் என்னும் பெயர்கள் அந்நாட்களைத் தாங்கமாட்டா. அத்தகைய இடங்களிலேதான் புலவர் நிமிர்ந்து வானை நோக்குகின்றனர் என்பதை நாம் காண்கின்றோம்.

இதற்கு மொழியின் அமைப்பும் ஒரு காரணமாயிற்றோ என எண்ணுதற்கு இடமுண்டு. காலம் மூன்று என்று தொல்காப்பியர் வகுத்தாராயினும், நிகழ்காலத்திற்கென்றே அமைந்த இடைநிலை சங்கச் செய்யுட்களில் பெருவழக்காக இல்லை. ‘செய்யும்’ என்னும் வாய்பாடு நிகழ்வையும் எதிர்வையும் ஒருங்கே குறித்து நின்றது. பிற்காலத்து வினைகளில் ‘கின்று’, ‘ஆநின்று’ முதலியன செய்யும் வேலையை அக்காலத்துப் புலவர் வினையால் செய்யவில்லை. சுட்டுச் சொல்லாலும் பெயராலும் செய்தனர். வானத்தாலும் செய்தனர் என்று சேர்த்துக் கூறலாம். இதனை முடிந்த முடிபாக யாம் கூறவில்லை. மொழிநூல் வல்லார் ஆராய்தற்குரிய கருத்தாக முன்வைக்கின்றோம்.

இனித் திருமணப் பாடல்களுக்கு வருவோம். அகநானூற்றில் 86, 136 ஆகிய இரண்டு பாடல்களும் பழந்தமிழர் மணமுறையை அறிதற்குப் பெரிதும் எடுத்தாளப்படுவன. முன்னது நல்லாவூர் கிழாரும் பின்னது விற்றூற்று மூதெயினனாரும் பாடியவை. இரண்டிலும் நல்ல நாள் வானத்தைக் கொண்டே குறிக்கப்படுகின்றது. திங்கள் உரோகிணியைக் கூடிய நாள் அது. உரோகிணிக்குச் சகடம் என்பதும் பெயர். அம்மீன் கூட்டம் வண்டியின் வடிவாய்த் தோன்றுதலின் அப்பெயர் வந்தது. மணற் பரப்பிய பந்தரும் விளக்கும் மாலையும், மகனைப் பெற்ற மங்கல மகளிர் பூவும் நெல்லும் கலந்த நீரைச் சொரிந்து வாழ்த்துதலும் முதற்பாட்டில் வருகின்றன. இவற்றை வாழ்க்கை வரலாறாகத் தொகுத்த ஆராய்ச்சிகள் பல உள. ஆனால் இப்பாடல்களின் துறைக் குறிப்பை அவ்வாராய்ச்சிகள் போதிய அளவு எண்ணிப் பார்த்தனவாகத் தெரியவில்லை. முன்னது வாயில் மறுத்த தோழிக்குத் தலைமகன் சொல்லியது. பின்னது உணர்த்தவும் உணராத ஊடற்கண் அவன் தன் நெஞ்சிற்குச் சொல்லியது. எனவே இரண்டு பாடல்களும் மணநாளில் பாடப்பட்டவை அல்ல. வாயில் அடைக்கப்பட்ட மற்றொரு நாளில் நின்றுகொண்டு, அந்த நாளை மீண்டும் அழைக்கும் பாடல்கள் அவை.

திங்கள் உரோகிணியைக் கூடுதல் அரியதொரு நிகழ்ச்சி அன்று. ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை அது நிகழும். தலைவன் வாயிலில் நின்ற அந்நாளுக்கு முன்னரும் பின்னரும் எத்தனையோ முறை வானத்தில் அக்கூட்டம் நிகழ்ந்திருக்கும். ஆனால் அவன் நெஞ்சில் அது ஒருமுறையே நிகழ்ந்தது. வானம் தன் வட்டத்தில் மீண்டும் மீண்டும் வருவது. அதனை நோக்கியவனுடைய ‘இன்று’ மீளாதது. இவ்வேறுபாட்டிலேதான் பாட்டின் துன்பம் பிறக்கின்றது. 136ஆம் பாடலின் அமைப்பு இதனை மேலும் நுட்பமாக்குகின்றது. வானம் துலங்கித் திங்கள் சகடத்தைச் சேர்ந்த ஒளியோடு மணநிகழ்ச்சி தொடங்குகின்றது. மணமகள் நாணித் தன் மேனியொளியைக் கூந்தலின் இருளில் மறைத்துக்கொண்டாள் என்பதோடு பாட்டு முடிகின்றது. பாட்டின் எல்லைக்குள் ஊடல் ஒரு சொல்லாலும் கூறப்படவில்லை. அவள் மறைந்த அந்த இருளிலேயே தலைவன் இன்றும் நிற்கின்றான். கூந்தலிருள் அன்று நாணத்தால் வந்தது. இன்று வாயிலில் உள்ள இருள் ஊடலால் வந்தது. இவ்விரண்டையும் ஒப்பிடும் பொறுப்பைப் புலவர் படிப்பார்க்கே விட்டுவிட்டார். துறைக் குறிப்புப் பிற்காலத்தார் சேர்த்தது என்று ஒதுக்குவார் உளர். ஒதுக்கினாலும், நினைவாகக் கூறும் நடையைப் பாட்டிலிருந்து நீக்க இயலாது.

அகம் 141இல் நக்கீரர் காட்டும் கார்த்திகை விளக்கீடு வரவிருக்கும் நாளை நோக்கியது. தலைவன் வந்து அவ்விழாவை உடனிருந்து அயர்தல் வேண்டும் என்று தலைவி விழைகின்றாள். மழை நீங்கிய வானில் நிறைமதி ஆறு மீனைச் சேரும் நள்ளிரவு அது. ஈண்டு ஓர் உண்மையைக் குறிப்பிடுதல் தகும். நிறைமதி அருகில் நிற்குங்கால் கார்த்திகையின் ஆறு மீனும் கண்ணுக்கு நன்கு புலனாகா. மதியின் ஒளி அவற்றை விழுங்கிவிடும். ஆகவே தலைவி கூறும் சேர்க்கை கண்ணால் கண்டது மட்டுமன்று, அறிந்து கண்டது. தெருவில் ஏற்றிய விளக்குகள் காணமுடியாத அம்மீன்களுக்கு ஈடாக மண்ணில் நின்றன போலும்.

மேற்கூறியவற்றினும் நம் கருத்துக்குப் பெருந்துணையாவது புறநானூற்று 229ஆம் பாடல். கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்தபோது கூடலூர் கிழார் பாடியது. இதனைத் தீநிமித்தப் பாடல் என்று கூறிக் கடந்துவிடுவது வழக்கமாயிற்று. விண்மீன் வீழ்ந்தது, அரசன் ஏழாம் நாள் இறந்தான், பழந்தமிழர் நிமித்தத்தை நம்பினர் என்னும் மூன்று தொடரில் இதன் ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. பாட்டை அடியடியாக நோக்குவார்க்கு வேறொன்று புலப்படும். புலவர் முதலில் நாளைக் குறிக்கின்றார்: பங்குனித் திங்கள், நள்ளிரவு. அதன்பின் முழு வானத்தையும் வகுக்கின்றார். உச்சியில் நின்ற மீன் சாய்கின்றது; அதற்கு எதிரே ஒரு மீன் எழுகின்றது; மற்றொரு மீன் மறைகின்றது. உத்தரம், மூலம், மிருகசீரிடம் என்று பழைய உரை அவற்றை விளக்குகின்றது. உத்தரத்திலிருந்து மூலம் எட்டாவது. மிருகசீரிடத்திலிருந்து உத்தரம் எட்டாவது. உச்சி, கீழ்வானம், மேல்வானம் என மூன்றிடத்தும் ஊன்றி அவ்விரவை நிலைநிறுத்திய பின்னரே, கிழக்கும் செல்லாது வடக்கும் செல்லாது தீப்பரப்பி ஒரு மீன் வீழ்ந்ததைக் கூறுகின்றார். வெறும் நிமித்தம் கூறுதற்கு இத்துணை அமைப்பு வேண்டுவதில்லை. ஒரு மீன் வீழ்ந்தது என்றாலே போதும்.

கண்டவர் என்ன செய்தனர்? புலவரும் அவரொத்த இரவலர் பலரும் அஞ்சினர். அரசன் நோயின்றி இருத்தல் வேண்டும் என்று விழைந்தனர். அடுத்த சொல்லிலேயே ஏழாம் நாள் வந்துவிடுகின்றது. ஆறு நாளும் என்ன நிகழ்ந்தது என்று பாட்டுக் கூறவில்லை. பாட்டின் நடுவில் ‘இன்று’ என்னும் சொல் நிற்கின்றது. அதற்கு முன்னெல்லாம் வானம், அதற்குப் பின்னெல்லாம் அரண்மனை. கையை நிலத்தில் இட்டுக் கிடக்கும் யானை, கண்கிழிந்து உருளும் முரசு, காம்பு ஒடிந்த வெண்குடை, ஓட்டமின்றி நிற்கும் குதிரை ஆகிய யாவும் அச்சொல்லின் மறுபுறத்தே வரிசையாகத் தோன்றுகின்றன. ஏழு நாளுக்கு முன் வானத்தை ஒழுங்காக வகுத்த கண், இப்போது அரண்மனையை அதே ஒழுங்கில் வகுக்கின்றது. அஞ்சிய நாட்கள் அனைத்தும் எதிர்காலத்துக்கு உரியன. ஆகவே அவை பாட்டில் இடம்பெறவில்லை. வந்த நாள் ஒன்றே இடம்பெற்றது. இறுதியில், வானுலக மகளிர்க்குத் துணையானவன் தன்னைச் சார்ந்திருந்த எம்மை மறந்தனனோ என்று வினவுமிடத்து, நிமித்தம் பலித்ததென்னும் நிறைவு சிறிதும் இல்லை. வானை முன்கூட்டியே படித்தறிந்தவரும் அந்நாள் வந்தபோது படியாதவர் போலவே கலங்கி நிற்கின்றார்.

‘இக்கணத்தில் வாழ்க’ என்னும் அறிவுரை இக்காலத்தே எங்கும் கேட்கப்படுகின்றது. நேற்றையும் நாளையையும் உதறிவிட்டு இன்றில் மட்டும் நிற்றலே அமைதி என்பது அவ்வுரையின் சாரம். சங்கப் புலவரின் ‘இன்று’ அத்தகையது அன்று. கூடலூர் கிழாரின் ‘இன்று’ ஆறு நாள் அச்சத்தால் நிறைந்தது. அகத் தலைவனின் ‘இன்று’ ஒரு மணநாளின் நினைவால் நிறைந்தது. உதறுதலால் அவர்கள் பொருள் காணவில்லை.

வானமே மறைந்துபோன பொழுது இந்நோக்கம் என்னாகும்? இதற்கு விடை நெடுநல்வாடையில் உளது. இப்பாட்டு அகமோ புறமோ என்று வேம்பினை முன்னிட்டு நிகழ்ந்த வாதத்தினுள் நாம் புகவில்லை. பாட்டின் தொடக்கத்திலேயே மழை கவிந்து வானை மூடிவிடுகின்றது. மாடத்துப் புறாக்கள் இரவும் பகலும் தெரியாது மயங்குகின்றன. மகளிர் மாலை வந்ததை வானத்தைப் பார்த்து அறியவில்லை. பிச்சியரும்பு இதழவிழ்ந்து மணத்தலால் அறிகின்றனர். இவ்விடம் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இன்றியமையாதது. பகலில் இரு கோல் நட்டு நிழல் பார்த்துத் திசை தெரிந்து கட்டிய அரண்மனை அது என்று அப்பாட்டே பின்னர்க் கூறுகின்றது. அத்தகைய அரண்மனையிலே, இருண்ட மாலையில் ஒரு பூவே பொழுதுகாட்டும் கருவியாயிற்று.

அரண்மனைக்கு உள்ளே அரசி படுக்கையில் கிடக்கின்றாள். அவள் நோக்குவதும் ஒரு வானமே. ஆனால் அது மேற்கட்டியில் மெழுகு பூசிய புதுத்துணியில் எழுதிய வானம். மேடம் முதலாகிய இராசிகளும் ஞாயிறும் திங்களும் அதனை விட்டு நீங்காத உரோகிணியும் அதில் எழுதப்பட்டுள்ளன. உரோகிணியை நினைந்து நோக்கி அவள் பெருமூச்செறிகின்றாள். உரோகிணியைப் போலப் பிரியாதிருக்கும் பேறு தனக்கு இல்லையே என்று வருந்தினாள் என்பது நச்சினார்க்கினியர் உரையின் போக்கு. அவ்வுரை பொருத்தமானதே. எனினும் அதனோடு ஒன்றைச் சேர்த்தல் வேண்டும். உண்மை வானத்தில் திங்கள் உரோகிணியைச் சேர்ந்தும் பிரிந்தும் செல்வது. அதனாலேயே அச்சேர்க்கை ஒரு நல்ல நாளாகின்றது. எழுதிய வானத்தில் பிரிவு இல்லை. ஆகவே அதில் நாளும் இல்லை. என்றும் கூடியே இருக்கும் அவ்வோவியம் அரசிக்கு எந்த ‘இன்று’ம் தரவில்லை. அவள் துயரின் ஒரு பாதி அரசன் இன்மையால் வந்தது. மறுபாதி இந்த அசையாத வானத்தால் வந்தது என்பது நம் கருத்து. அதே நள்ளிரவில் அரசன் பாசறையில் விளக்கொளியில் புண்பட்ட வீரரை ஒருவர்பின் ஒருவராகக் கண்டு செல்கின்றான். வாடை வீசும் அவ்விரவின் ‘இன்று’ முழுவதும் அவனிடத்தே உளது. அவளிடத்தே ஓவியம் உளது. நக்கீரர் இவ்விருவரையும் சந்திக்க விடாமலே பாட்டை முடித்துவிட்டார்.

நாம் வாழும் நெய்வேலி நகரியத்தில் இப்பாட்டைப் பயிற்றுங்கால், மூடிய வானம் என்னும் செய்தியை விளக்குதற்கு அரும்பாடுபட வேண்டுவதில்லை. நகரியத்தின் வரலாற்றை இவ்விதழின் வாசகர் அறிவர். 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே 20ஆம் நாள் பண்டித நேரு அகழ்வுப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் மின்னாக்கம் தொடங்கிற்று. 600 மெகாவாட் ஆற்றல் உடையதாய் வளர்ந்த முதல் அனல் மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. பின்னர் வந்த நிலையங்கள் இயங்குகின்றன. திறந்தவெளிச் சுரங்கத்தில் மண்வெட்டும் பெருஞ்சக்கர இயந்திரங்களும் மண் கொண்டு செல்லும் பட்டைகளும் இரவும் பகலும் ஓய்வதில்லை. நிலக்கரிப் படிவத்தின் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடையறாது இறைத்தாலன்றி அகழ்வு நிகழாது; ஆதலின் சுரங்கத்திற்கு இரவு என்பதே இல்லை. நகரியத்தின் வட்டங்களில் வாழ்வார்க்குப் பொழுதை அறிவிப்பது விண்மீன் அன்று, பிச்சிப்பூவும் அன்று, பணிமுறை மாற்றமே. சுரங்கத்து விளக்கும் சாலை விளக்கும் சேர்ந்து வானத்தின் அடிப்பகுதியை வெளுக்கச் செய்துவிடுகின்றன. பால்வழி பெரும்பாலும் தெரிவதில்லை. கார்த்திகையில் ஆறு மீன்களையும் எண்ணிக் காட்டக் கூர்ங்கண் வேண்டும்.

ஆயினும் உரோகிணி தெரிகின்றது. தைத் திங்கள் பிறந்த நாட்களில் இரவு 9 மணியளவில் அது நம் உச்சிக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே, செந்நிறத்தோடு நிற்கும். நெய்வேலி மாணவர் சிலரை விளையாட்டுத் திடலின் இருண்ட மூலையொன்றுக்கு அழைத்துச் சென்று அதனைக் காட்டினோம். அகநானூற்றின் உரையில் பலமுறை படித்த பெயரை வானத்தில் முதன்முறை கண்ட அவர்கள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் இயற்பியல் பயின்ற ஒருவர் ஒரு தடையை எழுப்பினார். அம்மீனின் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 65 ஆண்டு ஆகின்றது. நாம் காண்பது இன்றைய உரோகிணி அன்று. நெய்வேலியில் நிலக்கரி முதன்முதல் வெளிப்பட்ட காலத்தை ஒட்டிய உரோகிணி. கார்த்திகையின் ஒளியோ 400 ஆண்டுகட்கும் மேற்பட்டது. ஆகவே வானத்தை நோக்கி ‘இன்று’ என்று கூறுதல் பிழையன்றோ என்பது அவர் வினா.

வினா வலியதே. மறைக்காமல் அதற்கு விடை கூறுதல் திறனாய்வாளர் கடமை. சங்கப் புலவர் இவ்வுண்மையை அறியார். அறிந்திருந்தாலும் அவர் பாட்டு மாறியிருக்குமோ என்றால், மாறியிராது என்றே கருதுகின்றோம். திங்கள் சகடத்தைச் சேர்ந்தது என்னும்போது, புலவர் திங்களும் சகடமும் வெளியில் அடுத்தடுத்து நிற்பதாகக் கூறவில்லை. நின்று நோக்குவான் கண்ணில் அவை ஒருங்கு நிற்பதையே கூறுகின்றார். மதியின் ஒளி ஒரு நொடிக்குச் சிறிது மிகையான காலத்தில் வருகின்றது. உரோகிணியின் ஒளி 65 ஆண்டில் வருகின்றது. புறப்பட்ட காலம் வேறாயினும் வந்து சேரும் காலம் ஒன்று. அவை சேரும் இடம் வானம் அன்று, நோக்குவானது கண். ஒருவர் தலைநிமிர்ந்த அந்நேரமன்றி அச்சேர்க்கைக்கு வேறு இருப்பிடம் இல்லை. எனவே இக்காலத்து இயற்பியல் பழம்பாட்டின் ‘இன்றை’ அழிக்கவில்லை. அது யாருடையது என்பதைத் தெளிவுபடுத்துகின்றது. பல கோடி ஆண்டுகட்கு முன் மரங்கள் உண்ட வெயிலே பழுப்பு நிலக்கரியாகிச் சாலை விளக்காய் எரிகின்றது என்பதையும் அம்மாணவர்க்கு நினைவூட்டினோம். அவர் நகைத்து, நகரியத்தில் புதிய வெளிச்சம் என்று ஒன்றும் இல்லை போலும் என்றார்.

இறுதியாக எடுத்துக்கொள்ளுதற்குரியது பாரி மகளிர் பாட்டு (புறம். 112). ஐந்தடிச் சிறு பாட்டு. தமிழறிந்தார் யாவரும் அறிந்தது. அன்றைய நிலவில் தந்தையும் உண்டு, குன்றும் பிறர்வசம் ஆகவில்லை. இன்றைய நிலவில் குன்று வேந்தர் கையது, தந்தையும் இல்லை. கையறுநிலையின் சுருக்கத்தை இதில் பலர் பாராட்டியுள்ளனர். மதி மாறவில்லை, வாழ்வு மாறியது என்னும் முரணை விளக்கியுள்ளனர். அதற்கு அப்பாலும் ஒன்று உளது. மதி ஒன்றே என்பதை அம்மகளிர் அறிவர். இருந்தும் ஒரு நிலவைச் சேய்மைச் சுட்டாலும் மற்றொரு நிலவை அண்மைச் சுட்டாலும் கூறி அதனை இரண்டாக்குகின்றனர். அ, இ, உ என்னும் மூன்று சுட்டினுள் இடைநின்ற உகரத்திற்கு இப்பாட்டில் வேலை இல்லை. அன்றைக்கும் இன்றைக்கும் இடையே நிகழ்ந்த முற்றுகையும் கொலையும் அந்த இல்லாத சுட்டின் இடத்தில் மறைந்து கிடக்கின்றன. நிலவைக் குறிக்கும் அடைமொழியோ இரண்டிடத்தும் ஒன்றே. அதன் வெண்மை குறையவில்லை. திங்கள் என்னும் சொல் மதியையும் மாதத்தையும் ஒருங்கே குறிப்பதாதலின், வானத்துப் பொருளும் கழிந்த காலமும் இப்பாட்டில் பிரித்தற்கு அரியன ஆயின. முதற்பாதியில் தந்தை முன்னும் குன்று பின்னுமாக நிற்க, இரண்டாம் பாதியில் குன்று முன்னும் தந்தை பின்னுமாக நிற்பதும் நோக்கத்தக்கது. கூற்றை முடிக்கும் சொல் தந்தையின் இன்மையே.

இப்பாட்டை நெய்வேலியில் பயிற்றுதல் பிற இடங்களில் பயிற்றுதல் போன்றதன்று. சுரங்கத்திற்காக நிலம் எடுக்கப்பட்டு இடம்பெயர்ந்த ஊர்கள் பல. அவ்வூர்களின் வழிவந்தோர் வகுப்பில் அமர்ந்துள்ளனர். நிலமெடுப்பைப் பற்றிய வழக்குகளும் போராட்டங்களும் அண்மைக் காலம் வரை நிகழ்ந்தமையை நாடறியும். 2023இல் வளையமாதேவியில் விளைந்த வயலில் கால்வாய் வெட்டப்பட்டபோது அவை நாளிதழ்களில் நிறைந்தன. அவற்றின் நன்மை தீமைகளை ஆராய்தல் இவ்விதழின் எல்லைக்குப் புறம்பானது. ஆனால் பாட்டின் பொருளை அவை தொடுகின்றன என்பதை மறுத்தல் இயலாது. பறம்பு மலை வேந்தர் கைப்பட்ட பின்னும் மலையாகவே நின்றது; பாரி மகளிர் விரும்பின் தொலைவிலிருந்தேனும் அதனைக் காணலாம். சுரங்கத்துள் சென்ற ஊருக்கு அதுவும் இல்லை. வீடு நின்ற மண்ணே அகழ்ந்து எடுக்கப்பட்டு வேறிடத்தில் குன்றாகக் குவிக்கப்பட்டது. வீடிருந்த மட்டத்தில் இன்று வெளிதான் உளது. அவ்விடத்திற்கு உரியதாக மாறாது நிற்பது அதன் மேலுள்ள வானம் ஒன்றே.

இப்பாட்டு நிகழ்ந்த வகுப்பில் ஒரு மாணவி, தம் பாட்டியார் நிறைநிலவு நாளில் வாயிலில் அமர்ந்து, எங்கள் ஊரில் நிலா புளியமரத்துக்கு நேரே எழும் என்று இன்றும் கூறுவார் என்றார். மரமும் இல்லை, ஊரும் இல்லை. அம்மூதாட்டியார் தாம் காணும் நிலவை இல்லாத ஒரு மரத்தின்மேல் நிறுத்திப் பார்க்கின்றார். பார்க்கும் கண் இன்றையது. புறநானூற்றின் உரையை மீண்டும் எடுத்து நோக்கினோம். குன்று தம்மதாய் இருந்த நிலவிலும், அது வேந்தர் கையதாகிய நிலவிலும், பாரி மகளிர் அதனை ‘எம்’ குன்று என்றே கூறியுள்ளனர். இரண்டாம் இடத்தில் அச்சொல்லை மாற்றினாரில்லை. மாணவியின் பாட்டியாரும் ‘எங்கள் ஊர்’ என்றே கூறுவாராம். ‘எங்கள் ஊராய் இருந்தது’ என்று கூறும் வழக்கம் அவரிடம் இல்லையாம்.